செங்கொடியிடம் கேட்க வேண்டிய கணக்கு

  

கம்யூனிஸ்டுகள் ஜனநாயகத்தின் எதிரிகளா, காவலர்களா? நம் சமுதாயத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டுமே இரவல் பதில்கள்.

கடைவீதியில் உட்கார்ந்திருக்கும் ஹாஜியாரிடம் கேளுங்கள். "அவர்கள் அல்லாஹ்வை மறுப்பவர்கள். ஆட்சிக்கு வந்தால் பள்ளிவாசலைப் பூட்டுவார்கள். கடை வாசலில் கொடியை நட்டு வியாபாரத்தைக் கெடுப்பார்கள்" என்பார். கல்லூரிக்குப் போகும் அவருடைய மகனிடம் கேளுங்கள். "பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டபோது நமக்காகப் பேசியவர்கள் அவர்கள்தானே! குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி 2019 டிசம்பர் 31ல் சட்டசபையில் தீர்மானம் போட்டது அவர்கள் ஆண்ட கேரளம்தானே! நமக்கென்று தனியாக ஓர் அமைப்பு எதற்கு? செங்கொடியின் கீழ் போய் நின்றால் போதாதா?" என்பார்.

வாப்பாவின் பயம் ஐம்பதுகளின் காங்கிரஸ் மேடையில் வாங்கியது. மகனின் நம்பிக்கை கட்சிச் சுவரொட்டியில் வாங்கியது. பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமல் எந்த வியாபாரியாவது கூட்டுச் சேருவாரா? பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று கேட்காமல் கடையில் பங்கு கொடுப்பாரா? ஐந்து ரூபாய் சாமானுக்குக் காட்டும் கவனத்தைக்கூட ஐந்து வருட ஆட்சிக்கு நாம் காட்டுவதில்லை. ஆகவே இன்று அந்தப் பேரேட்டைப் புரட்டுவோம்.

வாப்பாவின் பயம் முழுப் பொய்யல்ல. 1948ல் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு, நமக்குக் கிடைத்தது சுதந்திரமே அல்ல என்று சொல்லி ஆயுதப் பாதையில் இறங்கியது. தெலுங்கானாவில் அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தது 1951 அக்டோபரில்தான். ஹதீஸ் கலையின் இமாம் புகாரி அவர்கள் பிறந்த மண்ணைச் சோவியத் ஆட்சி என்ன செய்தது? புகாராவிலும் சமர்கந்திலும் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன, மதரஸாக்கள் மூடப்பட்டன, மக்கள் எழுதி வந்த அரபி எழுத்தே மாற்றப்பட்டது. 1989 ஜூனில் பீஜிங் சதுக்கத்தில் மாணவர்கள் மீது ராணுவம் பாய்ந்தபோது நம் நாட்டு மார்க்சிஸ்ட் கட்சி சீன அரசின் பக்கமே நின்றது. சின்கியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் படும் பாட்டைப் பற்றி அவர்கள் மேடையில் உரத்த குரல் ஒன்றையும் நாம் கேட்டதில்லை. பாலஸ்தீனத்துக்காக வீதிக்கு வருகிறவர்கள் சீனா என்றதும் ஏன் தொண்டை கட்டிக்கொள்கிறார்கள்? மகன் இதை அவசியம் கேட்க வேண்டும்.

ஆனால் இந்திய நாட்டுக்குள், இந்திய அரசியல் சட்டத்தின் கீழ், வாக்குச் சீட்டின் முன்னால் அவர்கள் எப்படி நடந்தார்கள்? அங்கே கதை வேறு.

1952ல் சென்னை மாகாணத் தேர்தல். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகள் 62 இடம் பெற்று மற்றவர்களோடு அணி சேர்ந்து ஆட்சி கேட்டார்கள். என்ன நடந்தது? தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குத் தாமே முதல் எதிரி என்று அவர் பறைசாற்றினார். ஜனநாயகம் தெரியாதவர்கள் என்று வசை வாங்கியவர்கள் மக்களிடம் போய் ஓட்டு வாங்கி வந்தார்கள். ஜனநாயகத்தின் பிதாக்கள் கொல்லைப்புறமாக வந்தார்கள்!

ஐந்து வருடம் கழித்து கேரளத்தில் 126 இடங்களில் 60 இடங்களை வென்று, சுயேச்சைகள் துணையோடு 1957 ஏப்ரல் 5ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வரானார். நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் வந்ததும் சர்ச்சும் நாயர் சங்கமும் கொதித்தெழுந்தன. விமோசன சமரம் என்று பெயர் வைத்தார்கள். அங்கமாலியில் 1959 ஜூன் 13ல் கம்யூனிஸ்ட் அரசின் போலீஸ் சுட்டு 7 பேர் இறந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டசபையில் பெரும்பான்மை இருந்த மந்திரிசபையை 1959 ஜூலை 31ல் 356வது விதியைக் காட்டிக் கலைத்தது யார்? பண்டித நேருவின் அரசு. அப்போது காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. பிற்காலத்தில் எத்தனையோ மாநில அரசுகளைக் கொன்ற அந்தக் கத்தியைக் கேரளத்துக் கம்யூனிஸ்டுகளின் கழுத்தில்தான் தீட்டிப் பார்த்தார்கள்.

வாலிபர்களே, அந்தச் சமரத்தில் முஸ்லிம் லீகும் இருந்தது. காங்கிரசோடு தோளோடு தோள் நின்றது. அதற்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா?

தொப்பிக்குக் கிடைத்த மரியாதை

1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், லீக் மூன்றும் கூட்டு. லீகுக்கு 11 இடங்கள். கம்யூனிஸ்ட் கட்சியோ முன்பைவிடக் கூடுதல் விழுக்காடு ஓட்டு வாங்கியும் 29 இடத்தில் நின்றது. தோல்வியை ஏற்றுக்கொண்டு எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தது. மந்திரிசபை அமைக்கும் நேரம் வந்தது. லீகுக்கு மந்திரி பதவி கிடையாது என்றது காங்கிரஸ்! ஓட்டு வாங்கும்போது இனித்த லீக், பதவி கொடுக்கும்போது வகுப்புவாதமாகக் கசந்தது. நேரு முன்பே லீகைச் செத்த குதிரை என்று சொன்னவர்தாமே! சமாதானத்துக்காக சீதி சாஹிப் அவர்களைச் சபாநாயகர் ஆக்கினார்கள். 1961ல் அவர் வஃபாத் ஆனார். அடுத்து அந்த நாற்காலிக்கு சி.எச். முஹம்மது கோயா பெயர் வந்தபோது, லீக் உறுப்பினர் பதவியை விட்டு விலகினால்தான் உட்காரலாம் என்று நிபந்தனை போட்டார்கள். விலகித்தான் உட்கார்ந்தார்.

இதை நிதானமாக யோசியுங்கள். முஸ்லிம் உட்காரலாம், முஸ்லிம் லீக் உட்காரக் கூடாது. உன் ஓட்டு வேண்டும், உன் பெயர் வேண்டாம். நம்மோடு கூட்டு வைத்த பெரிய கட்சிகள் பலவற்றின் மனசில் இன்று வரை இந்த வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. கம்யூனிஸ்டுகளை எடைபோட எனக்குத் தெரிந்த தராசும் இதுதான். முஸ்லிம் தன் சொந்தப் பெயரில், சொந்த அமைப்பில் வந்து உட்கார இடம் கொடுக்கிறார்களா? ஒரு சிறுபான்மைக்கு ஜனநாயகம் என்றால் அதுவே!

1967ல் அந்தத் தராசு செங்கொடிப் பக்கம் தாழ்ந்தது. மார்க்சிஸ்ட் கட்சி தலைமையில் ஏழு கட்சிகள் கூட்டு. லீகுக்கு 14 இடங்கள். இ.எம்.எஸ். இரண்டாவது முறை முதல்வரானபோது லீக் மந்திரிகள் இருவர் பதவியேற்றார்கள். லீக்கை விட்டு விலகச் சொல்லப்பட்ட அதே சி.எச்., இப்போது லீக்காரராகவே கல்வி மந்திரி! 1968ல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிறந்தது. 1969 ஜூன் 16ல் மலப்புரம் மாவட்டம் பிறந்தது. ஜனசங்கம் அதை இன்னொரு பாகிஸ்தான் என்று அலறியது. காந்தியவாதி கேளப்பனே எதிர்த்தார். இ.எம்.எஸ். பின்வாங்கவில்லை. தமிழகத்தின் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அவர்களை 1962, 1967, 1971 என மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மஞ்சேரி தொகுதி அந்த மண்தான். நம் தலைவரைச் சுமந்த மண் ஒரு மாவட்டமாக எழுந்து நின்றதில் கம்யூனிஸ்டுகளின் கை இருக்கிறது. நன்றி மறப்பது முஸ்லிமின் பண்பல்ல.

ஆனால் அவர்கள் அதை அன்பினால் கொடுத்தார்களா? 14 சட்டசபை உறுப்பினர்கள் கையில் இருந்ததனால் கொடுத்தார்கள். சந்தேகம் உள்ளவர்கள் வங்காளத்துக்கு வாருங்கள்.

34 வருடமும் 2.1 விழுக்காடும்

1977 ஜூன் முதல் 2011 மே வரை 34 வருடம் மேற்கு வங்காளத்தை இடதுசாரி முன்னணி ஆண்டது. தேர்தலில் வென்றே ஆண்டார்கள். குத்தகை விவசாயியின் பெயரை ஏட்டில் பதிந்தார்கள், 1978ல் ஊராட்சித் தேர்தல் நடத்தினார்கள். பலன் பெற்ற ஏழைகளில் நம்மவரும் ஏராளம். 2002ல் குஜராத்தில் நடந்தது போன்ற கொடுமை அங்கே நடக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இதெல்லாம் வரவுப் பக்கம்.

பற்றுப் பக்கம்? 2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை வெளிவந்தது. 2001 மக்கள் தொகைக் கணக்கின்படி மேற்கு வங்காளத்தில் முஸ்லிம்கள் 25.2 விழுக்காடு. மாநில அரசு வேலையில் அவர்களுடைய பங்கு 2.1 விழுக்காடு! நூறு நாற்காலியில் இருபத்தைந்து கிடைக்க வேண்டியவனுக்கு இரண்டு. ஏறக்குறைய அதே அளவு முஸ்லிம்கள் வாழும் கேரளத்தில் அந்தப் பங்கு 10.4. கேரளத்தில் இட ஒதுக்கீடு முன்பே இருந்தது என்று தோழர்கள் வாதாடலாம். உண்மைதான். 34 வருடத்தில் வங்காளத்தில் அதைக் கொண்டு வரவிடாமல் தடுத்தவர் யார்? பின்தங்கிய முஸ்லிம்களுக்குப் பத்து விழுக்காடு என்று புத்ததேவ் பட்டாச்சார்யா அறிவித்தது 2010 பிப்ரவரியில்! வீடு எரிந்து முடிந்த பிறகு குடம் தண்ணீர்.

இன்னும் ஒன்று. மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் இது என் நெஞ்சில் தைத்த முள். 2002 ஜனவரியில் அதே முதல்வர், எல்லைப் பகுதி மதரஸாக்கள் சிலவற்றில் தேச விரோத வேலை நடப்பதாகப் பேசினார். எதிர்ப்பு எழுந்ததும் விளக்கம் கொடுத்தார். டில்லியில் அத்வானி பேசிக்கொண்டிருந்ததை ஒரு கம்யூனிஸ்ட் முதல்வர் ஏன் பேச வேண்டும்? 2007 மார்ச் 14ல் நந்திகிராமில் நிலம் பறிபோகும் என்று அஞ்சிய விவசாயிகள் மீது அவருடைய போலீஸ் சுட்டு 14 பேர் மாண்டார்கள். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதி அது. உழுபவனுக்கே நிலம் என்று கோஷமிட்டு வந்த கட்சி, வெளிநாட்டு ரசாயன ஆலைக்காக உழுபவனைச் சுட்டது!

கேரளத்துக்கும் வங்காளத்துக்கும் ஏன் இந்த வித்தியாசம்? அதே கட்சி, அதே கொடி, அதே மார்க்ஸ். வங்காளத்தில் பிரிவினைக்குப் பிறகு முஸ்லிம்களின் சொந்த அரசியல் அமைப்பு வேர் பிடிக்கவில்லை. நம் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், கேட்கவில்லை. கட்சி உயிருக்குக் காவல் கொடுத்தது, உத்தியோகம் கொடுக்கவில்லை. கேரளத்தில் நாற்காலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தது, கிடைத்தது. கட்சி மாறவில்லை, எதிரே இருந்த ஆள்தான் மாறியது. தனி அமைப்பு எதற்கு என்று கேட்கும் மகனுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. 2021 தேர்தலில் வங்காள சட்டசபைக்கு இடதுசாரிகளில் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர்களை நம்பி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்ட முஸ்லிம் இப்போது யாரிடம் போய்க் கேட்பான்?

கட்சிக்குள் ஜனநாயகம் உண்டா?

ஜனநாயக மத்தியத்துவம் என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. விவாதிக்கலாம், முடிவெடுத்தபின் வாய் திறக்கக் கூடாது என்பது பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில் ஜனநாயகம் அடைமொழியாகவும் மத்தியத்துவம் மாத்திரம் பெயராகவும் நிற்கிறது. நம் மார்க்கத்தில் ஷூரா என்ற பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. உஹதுப் போருக்கு முன்னால், மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்று நபி (ஸல்) அவர்கள் கருதினார்கள். வாலிபத் தோழர்கள் பலரும் வெளியே போய்ப் போரிட விரும்பினார்கள். பெருமானார் தம் கருத்தை விட்டு அவர்கள் விருப்பத்தை ஏற்றார்கள். போரில் பெரும் துன்பம் நேர்ந்த பிறகும் அந்த வாலிபர்களைச் சபையிலிருந்து விலக்கவில்லை.

இப்போது இங்கே பாருங்கள். 1985ல் ஷாபானு தீர்ப்பு வந்தது. ஷரீஅத் சட்டத்தில் மாற்றம் வேண்டும் என்று இ.எம்.எஸ். பேசினார், எழுதினார். 1967ல் மந்திரிசபையில் பக்கத்து நாற்காலியில் இருந்த லீக் இப்போது வகுப்புவாதக் கட்சி ஆகிவிட்டது! லீகோடு உறவு வேண்டும் என்று மாற்று அறிக்கை கொடுத்தார் எம்.வி. ராகவன். கண்ணூரில் கட்சியை வளர்த்த மனிதர். 1986ல் வெளியே போ என்றார்கள். நிலச் சட்டத்தைக் கொண்டு வந்த மந்திரி கௌரி அம்மாவை 1994ல் வெளியேற்றினார்கள். 2008ல் சோம்நாத் சாட்டர்ஜி சபாநாயகர் நாற்காலி கட்சிக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி ராஜினாமா செய்ய மறுத்தார். அவரையும் நீக்கினார்கள். 1961ல் காங்கிரஸ் சி.எச்.சிடம் சபாநாயகராக வேண்டுமானால் கட்சியை விடு என்றது. 2008ல் மார்க்சிஸ்ட் கட்சி சோம்நாத்திடம் கட்சியில் இருக்க வேண்டுமானால் சபாநாயகர் நாற்காலியை விடு என்றது.

கட்சித் தலைமையில் யாருக்கு இடம்? 1964ல் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தபோது அமைந்த ஒன்பது பேர் அரசியல் தலைமைக் குழுவில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. ஒரு தலித் தோழர் அந்தக் குழுவுக்குள் நுழைய 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்மவர்கள் சிலர் பிற்காலத்தில் வந்தார்கள். இத்தனைக்கும் 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டின் தலைவர் சென்னைச் சிங்காரவேலர் என்றால், வரவேற்புக் குழுத் தலைவர் யார் தெரியுமா? மௌலானா ஹஸரத் மோஹானி! இன்குலாப் ஜிந்தாபாத் என்ற கோஷத்தை இந்த நாட்டுக்குக் கொடுத்தவர். தொழுகையை விடாத ஆலிம். பலமுறை ஹஜ் செய்தவர். கட்சியின் தொட்டிலை ஆட்டியவர்களில் ஒரு மௌலானா இருந்தார் என்பதைச் செங்கொடி ஏந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

நெருக்கடி நிலையையும் கருப்புச் சட்டங்களையும் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. 1975ல் இந்திரா அம்மையார் ஜனநாயகத்தைப் பூட்டியபோது இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இரண்டு பக்கம் நின்றன. மார்க்சிஸ்டுகள் சிறைக்குப் போனார்கள். வலது கம்யூனிஸ்டுகள் அம்மையாரை ஆதரித்தார்கள். ஜமாஅத்தே இஸ்லாமி தடை செய்யப்பட்டதும், 1976 ஏப்ரலில் டில்லி துர்க்மான் கேட்டில் நம் மக்களின் வீடுகள் புல்டோசரால் தரைமட்டமாகித் துப்பாக்கிச் சூடு நடந்ததும் அந்த ஆட்சியில்தான். தாங்கள் செய்தது தவறு என்று பின்னால் 1978 பட்டிண்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். கேரளத்தில் அப்போது முதல்வர் அச்சுத மேனன். அந்த மந்திரிசபையில் லீகும் இருந்தது என்பதால் இந்த விஷயத்தில் யாரும் யாரையும் பார்த்துக் கை நீட்ட முடியாது.

விசாரணையில்லாத சிறைக்கு எதிராக 1950ல் உச்ச நீதிமன்றத்தில் முதலில் போராடியவர் ஏ.கே. கோபாலன். சென்னை அரசுக்கு எதிரான அந்த வழக்கில் அவர் தோற்றார். 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறையின் கொடுமை அந்தக் கட்சிக்கு நன்றாகத் தெரியும். தடாவும் பொடாவும் நம் பிள்ளைகள் மீது பாய்ந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். 2002ல் பொடாவை எதிர்த்தே ஓட்டளித்தார்கள். சரி. அப்படிப்பட்ட கட்சி ஆண்ட கேரளத்தில், 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் இரண்டு முஸ்லிம் மாணவர்கள் மீது யு.ஏ.பி.ஏ. போட்டது எந்த நியாயம்? இருவரும் அந்தக் கட்சியின் உறுப்பினர்களே! அவர்களிடமிருந்து துண்டறிக்கைகளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் சொன்னது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வந்துதான் இருவருக்கும் ஜாமீன் உறுதியானது. செங்கொடியின் கீழ் நின்றால் போதும் என்று சொல்லும் தம்பியே, அந்த இருவரும் அதன் கீழ்தான் நின்றார்கள்.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு நோக்குக்கூலி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சுமை தூக்காமல், தூக்குவதைப் பார்த்ததற்குக் கூலி! அந்த அநியாயத்தை 2018 மே 1ல் தடை செய்ததும் மார்க்சிஸ்ட் அரசே. சங்கத்தால் நஷ்டப்பட்டவர் மார்க்கத்தின் பெயரால் அவர்களைத் திட்ட வேண்டாம். கூலியை வியர்வை உலருமுன் கொடுப்பது நம் கடமை. கூலித் தகராறு வேறு, ஈமான் தகராறு வேறு.

தமிழ்நாட்டில் 1967ல் அண்ணாவின் கூட்டணியில் மார்க்சிஸ்டுகளும் லீகும் ஒன்றாக நின்றார்கள். 2019, 2021, 2024 தேர்தல்களிலும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் லீகும் ஒரே அணி. ஆகவே தோழர்கள் நம் மஹல்லாவுக்கு வருவார்கள். வரட்டும். ஹாஜியார் கடையிலேயே உட்கார வைத்து டீ கொடுங்கள். பாசிசத்தை எதிர்க்க வாருங்கள் என்பார்கள், வருகிறோம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கேளுங்கள்: உங்கள் மாவட்டக் குழுவில் முஸ்லிம்கள் எத்தனை பேர்? உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டுகளில் எங்கள் அமைப்பின் வேட்பாளரை எங்கள் பெயரிலேயே ஆதரிப்பீர்களா? நீங்கள் ஆளும் மாநிலத்தில் யு.ஏ.பி.ஏ.வைத் தொடமாட்டோம் என்று மாநாட்டுத் தீர்மானமாகப் போடுவீர்களா? சின்கியாங் பற்றி ஒரு வரி எழுதுவீர்களா? வாய்ச் சொல் வேண்டாம், கட்சித் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததை ஜமாஅத் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் தேதியோடு எழுதி அதே பலகையில் ஒட்டுங்கள்.